பழைய காரும் புதிய பெட்ரோலும்

(செகந்திராபாத்தில் தமிழன்பர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்மாராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் சில வீட்டு வாசல்களில் இன்னும் பத்மினியும் மாருதி 800ம் நிற்கின்றன. அப்பா வாங்கிய வண்டி; விற்க மனம் வராது, நம்பி வெளியூர் எடுத்துப் போகவும் முடியாது. அந்த வண்டிக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்ஷன் வைத்துவிடலாமா சார்?" ஐந்தாறு வருஷம் முன்பு கேட்டிருந்தால், அவசியமில்லை, நல்ல ஜெட் செட் ஒன்று வாங்கிப் போட்டு, பாயின்டைச் சரிபார்த்து ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். பங்கில் வரும் பெட்ரோல் மாறிவிட்டது.

2022 ஜூனில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை, அதாவது இ20, விற்பனைக்கு வந்தது. 2030க்கு என்று முதலில் வைத்திருந்த இலக்கு 2025லேயே முடிந்துவிட்டது. இறக்குமதி குறைகிறது, கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கிற விவசாயிக்கு ஒரு சந்தை கிடைக்கிறது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. 2000க்கு முன்னால் செய்த கார் அதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதே இன்று என் கவலை.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். இரண்டும் கலந்த இ20க்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 13.5 வரும். கார்புரேட்டரில் இருக்கிற பித்தளை ஜெட்டின் துளை சுத்தப் பெட்ரோலுக்கு என்று துளைத்தது. துளை அதேதான், காற்றும் அதேதான். உள்ளே போகிற திரவம் மட்டும் வேறு. விளைவு, மிக்சர் 8 சதவீதம் அளவுக்கு லீன் ஆகிவிடுகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை. காலையில் செல்ஃப் போட்டால் பிடித்துப் பிடித்து விடுகிறது. ரேஸ் கொடுத்ததும் வண்டி ஒரு கணம் அமுங்கிப் பிறகு எழுகிறது. ஜூபிலி ஹில்ஸ் ஏற்றத்தில் இழுவையே இல்லை, டெம்பரேச்சர் முள் மட்டும் ஏறுகிறது. இதோடு முடிவதில்லை. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை உப்ப வைக்கும், மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரத்தை இளக்கும், காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சி டேங்க் அடியில் துருவுக்கு வழி செய்யும். மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிற வண்டிக்கு இந்தக் கடைசி விஷயம்தான் மிகப் பெரிய கெடுதல்.

ஜெட்டைப் பெரிதாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். ஓரளவு போதும். பரப்பு 8 சதவீதம் கூட வேண்டுமென்றால் துளையின் விட்டம் 4 சதவீதம் கூடினால் சரி. கை தேர்ந்த உஸ்தாத், அதாவது மூத்த மெக்கானிக் ஒருவரால் இதைச் செய்ய முடியும். ராணிகஞ்ச் பக்கம் இன்னும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ஒரே பெட்ரோலுக்கு, ஒரே பருவத்துக்கு, ஒரே ஊருக்குப் பொருந்துகிற வைத்தியம். கார்புரேட்டர் வேலை செய்கிற விதமே அப்படி. அந்தக் காலத்தில் வீட்டில் கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பு ஒன்று இருக்குமே, அதில் காற்று குழாயின் வாயை உரசிக்கொண்டு போகும்போது கீழே டப்பாவிலிருக்கிற மருந்து மேலே ஏறித் தூவும். கார்புரேட்டரும் அதே தத்துவம்தான். ஒயர் கிடையாது, பேட்டரி வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் ரோட்டோரத்திலேயே பிரித்துப் பூட்டலாம். இவ்வளவு எளிய பொருளை வைத்து நூறு வருஷம் உலகத்தையே ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் பொறியாளர்களை நான் வணங்குகிறேன். ஆனால் காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்தக் காற்றின் எடை தெரியாது, சூடு தெரியாது, எரிந்த பிறகு புகையில் என்ன மிச்சம் என்பது தெரியவே தெரியாது. கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே இருக்கிற இந்த ஊரில் காற்று சென்னையை விட 6 சதவீதம் போல மெலிது. சென்னையில் டியூன் செய்த வண்டி இங்கே கொஞ்சம் ரிச்சாக ஓடும். மே மாதம் 42 டிகிரி வெயிலில் பஞ்சாகுட்டா சிக்னலில் நின்றால், என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கிற பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். எத்தனால் கலந்தால் அந்த ஆவியாகும் குணம் இன்னும் கூடுகிறது.

கார்புரேட்டரின் இந்தக் குருட்டுத்தனத்தைப் போக்கத்தான் இன்ஜெக்ஷன் வந்தது. வந்த கதையும் சுலபமானதல்ல. 1958இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி, பெண்டிக்ஸ் செய்த எலெக்ட்ரோஜெக்டர் என்ற எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷனைச் சில கார்களில் வைத்து விற்றது. அந்தக் காலத்து மின்னணுப் பாகங்கள் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. கம்பெனியே பெரும்பாலான வண்டிகளைத் திரும்ப வரவழைத்து, இன்ஜெக்ஷனைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. நாம் இன்று செய்ய நினைக்கிற மாற்றம் முதன்முதலில் தலைகீழாகத்தான் நடந்திருக்கிறது. பெண்டிக்ஸின் காப்புரிமையை வாங்கி வளர்த்த ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600இல் டி-ஜெட்ரானிக்கை வைத்து அதை வெற்றியாக்கியது. 1976இல் வால்வோ கார்களின் சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் ஏறியது. எரிந்த புகையை மோந்து பார்த்து, அடுத்த துளியைக் கூட்டவோ குறைக்கவோ முடிந்தது அப்போதிலிருந்துதான். இ20 பிரச்சினைக்கு இன்று மருந்தாக இருப்பது அந்தச் சென்சார்தான். பங்கில் எத்தனால் பத்தோ இருபதோ, அதற்குக் கவலையில்லை.

நம் ஊருக்கு இது வந்தது 90களில். 1995இல் வந்த சியெலோ, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ ஆகியவற்றில் ஆரம்பத்திலேயே இன்ஜெக்ஷன் இருந்தது. 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதியில் யூரோ புகை அளவுகளை உடனே கொண்டுவரச் சொன்னது. அதன் பிறகு மற்ற கம்பெனிகளுக்கும் வேறு வழியில்லை. பின் கண்ணாடியில் இன்ஜெக்ஷனைக் குறிக்கும் எம்.பி.எஃப்.ஐ. என்ற ஸ்டிக்கர் ஒட்டிய கார்கள் அப்போது தெருவெல்லாம் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். மாருதி 800க்கு 2000இல் அது வந்தது. 1983 டிசம்பரில் கார்புரேட்டரோடு பிறந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின். கம்பெனியே அதற்கு இன்ஜெக்ஷன் வைத்துக் காட்டியது. அம்பாசடரின் 1800 சிசி இசுசு என்ஜினுக்கும் அப்படியே நடந்தது.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 800இன் திறன் இன்ஜெக்ஷன் வந்ததால் கூடவில்லை. முன்பு போலவே 37, 39 குதிரைத்திறனைச் சுற்றித்தான் இருந்தது. பின்னால் வந்த 12 வால்வு என்ஜினில்தான் 45 ஆனது, அதற்குக் காரணம் வால்வுகள். பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் என்று எதிர்பார்த்து இந்த வேலையில் இறங்காதீர்கள். காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும், வெயிலில் நிற்காது, புகை சுத்தமாக வரும். இவை போதும் என்பவர்களுக்கானது இது.

கம்பெனியே வழி காட்டியிருப்பதால் 800க்கு மாற்றம் செய்வது மற்ற வண்டிகளை விடச் சுலபம். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆல்ட்டோவும் 796 சிசிதானே என்று அதன் மேனிஃபோல்டை வாங்கிவந்துவிடுகிறார்கள். அது 12 வால்வு ஹெட்டுக்கானது. பழைய 800இன் 6 வால்வு ஹெட்டில் உட்காராது. 6 வால்வு எம்.பி.எஃப்.ஐ. 800 ஒன்று ஸ்கிராப்புக்கு வந்தால் அதன் மேனிஃபோல்டு, த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், ஒயரிங், இ.சி.யு. என்கிற கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து மொத்தமாக எடுப்பது நல்லது. வாங்கும் முன் உங்கள் வண்டியின் கேஸ்கெட்டை அந்த மேனிஃபோல்டின் வாயில் வைத்து, துளைக்குத் துளை பொருந்துகிறதா என்று பாருங்கள். பத்மினிக்கு இப்படிப் பாகங்கள் எடுக்க ஒரு டோனர் வண்டி கிடையாது. சோலெக்ஸ் கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் த்ராட்டில் பாடியை வைக்க ஒரு அடாப்டர் தட்டு செய்து, இன்ஜெக்டருக்கு மேனிஃபோல்டில் பாஸ் வெல்டு செய்ய வேண்டும்.

இனி வேலைக்குள் போவோம். எல்லோரும் கம்ப்யூட்டரை நினைத்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது பெட்ரோல் லைனை நினைத்து. பழைய மெக்கானிக்கல் பம்பு கொடுக்கிற அழுத்தம் 0.2 பார் அளவுதான். அதில் ஹோஸ் கசிந்தால் சொட்டும், வாசனை வரும், நிறுத்திப் பார்க்கலாம். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரயில் குழாயில் இருப்பது 3 பார் அளவு, பதினைந்து மடங்கு. அதில் ஒரு ஊசிமுனை ஓட்டை விழுந்தால் பெட்ரோல் பனிப்புகை போலச் சூடான எக்ஸாஸ்டின் மேல் தூவும். அதன் பிறகு வண்டியை அணைக்க நேரம் இருக்காது. அதனால் கடையில் பெட்ரோல் ஹோஸ் கொடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கும் எத்தனாலுக்கும் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். பல் வைத்த சாதாரண கிளிப் ஹோஸை அறுக்கும். விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளிப் போட வேண்டும். பழைய லைனை அப்படியே விட்டுவிட்டு பம்பை மட்டும் மாற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்த இடத்திலேயே சாவியை வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றும்.

டேங்கைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். முப்பது வருஷத் துரு அடியில் காப்பித்தூள் நிறத்தில் கிடக்கும். கார்புரேட்டர் அதை ஓரளவு பொறுத்துக்கொண்டது, இன்ஜெக்டர் பொறுக்காது. பழைய டேங்கில் தடுப்பு அறை இருக்காது. கால் டேங்க் பெட்ரோலோடு வளைவில் திரும்பினால் பம்பு காற்றை உறிஞ்சும். அதற்குச் சின்ன சர்ஜ் டேங்க் ஒன்றை இடையில் வைக்கிறோம். மிஞ்சிய பெட்ரோல் திரும்பி வர ரிட்டர்ன் லைன் வேண்டும். இப்படிச் சுற்றிக்கொண்டே, அழுத்தத்தோடு இருக்கிற பெட்ரோல் வெயிலிலும் சுலபத்தில் கொதிக்காது. மே மாதத் தொல்லை தீருவது இதனால்தான். கடைசியாக, என்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். சாவி போட்டதும் இரண்டு வினாடி ஓடி நின்று, என்ஜின் சுற்றினால் மட்டும் மறுபடி ஓடும்படி ரிலேயை இ.சி.யு. கையில் கொடுங்கள். இடித்தால் கரண்டை வெட்டுகிற இனர்ஷியா சுவிட்சும் வையுங்கள். பம்புக்குச் சாவியிலிருந்து நேராக ஒயர் இழுப்பதை நான் எந்த வண்டியிலும் அனுமதிப்பதில்லை.

இன்ஜெக்டர் எவ்வளவு பெரிது வேண்டும் என்பதற்குப் பெரிய கணக்கு இல்லை. குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு 225 கிராம் பெட்ரோல் என்று வையுங்கள். 40 குதிரைத்திறனுக்கு 9 கிலோ, அதாவது 12 லிட்டர். நிமிடத்துக்கு 200 மில்லி. மூன்று சிலிண்டருக்குப் பிரித்தால் 67. இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்து வைக்கக் கூடாது, 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும்; அப்போது 84. இ20க்காக 8 சதவீதம் சேர்த்தால் 91 மில்லி. இந்த அளவை எந்தச் சின்னக் காரின் இன்ஜெக்டரும் கொடுக்கும். பெரிது நல்லது என்று பெரிய கார் இன்ஜெக்டரைப் போட்டால் ஐடிலிங்கில் அடி வாங்குவீர்கள். ஐடிலிங்கில் இன்ஜெக்டர் திறந்திருப்பதே இரண்டு மூன்று மில்லி செகண்டுதான். அதில் ஒரு மில்லி செகண்ட் ஊசி எழும்பவே போய்விடும். பேட்டரி வோல்ட் குறைந்தால் எழும்ப இன்னும் நேரமாகும். அதனால்தான் டைனமோ இருக்கிற பழைய வண்டியில் முதலில் ஆல்டர்னேட்டர் வைக்கச் சொல்கிறேன். பேட்டரிக்கும் என்ஜின் பிளாக்குக்கும் பாடிக்கும் புது எர்த் ஒயர் இழுங்கள். இன்ஜெக்ஷன் வைத்த பழைய வண்டிகளில் மிஸ்ஸிங் என்று வருகிற பல புகார்களுக்கு மூலம் துருப்பிடித்த எர்த் நட்டு ஒன்றுதான்.

மூளை விஷயத்தில் இன்று நமக்கு நல்ல காலம். 2001இல் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங்கும் ஆல் கிரிப்போவும் மெகாஸ்குவர்ட் என்று ஆர்வலர்களே சால்டர் செய்து கட்டிக்கொள்கிற இ.சி.யு.வைக் கொடுத்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்பீடுயினோ வந்தது. அது ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடுகிறது, மென்பொருள் எல்லோருக்கும் திறந்தது. அந்த ஆர்டுயினோவை கோட்டி குஜராத்தி கல்லியில் கல்லூரிப் பையன்கள் ப்ராஜெக்டுக்காக வாங்கிக்கொண்டு போகிறார்கள். கார் ஆசையுள்ள எலெக்ட்ரானிக்ஸ் மாணவனையும் வயதான உஸ்தாதையும் ஒரே பானட்டுக்குக் கீழே நிற்க வைத்தால் இந்த நகரத்தில் எந்த வண்டியையும் மாற்றிவிடலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தெருமுனை மெக்கானிக்குக்கும் இது இன்று அந்நியமில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததிலிருந்து புது ஆக்டிவாவிலும் இன்ஜெக்டர்தானே இருக்கிறது.

கிராங்க் புல்லியில் பல்சக்கரம் ஒன்று ஏறும். 36 பல்லில் ஒன்று இருக்காது. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இ.சி.யு. கண்டுபிடிக்கிறது. சென்சாருக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் போல இடம். புல்லி ஆடினால் எல்லாம் ஆடும். மற்ற சென்சார்கள் வழக்கமானவை.

டியூனிங்தான் பொறுமையின் இடம். என்ஜின் வேகம் ஒரு பக்கம், மேனிஃபோல்டு அழுத்தம் ஒரு பக்கம் என்று 16க்கு 16, மொத்தம் 256 கட்டங்கள். ஒவ்வொன்றும் சரியாக வேண்டும். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் ஒருவர் மடியில் லேப்டாப்போடு உட்கார வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்யக் கூடாது. விடிகாலையில் அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போனால் நடுக் கட்டங்கள் நிரம்பும். பாரம் ஏறும் கட்டங்களுக்கு ஜூபிலி ஹில்ஸ் மேடு. ஐடிலிங்குக்கு ஆபிட்ஸ் நெரிசல். எல்லாவற்றிலும் கடினமானது குளிர் ஸ்டார்ட். என்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரே வாய்ப்புதான். ஜனவரிக் காலையில் சரியாக வந்தது மே மாதக் காலையில் தவறும். ஒரு வருஷம் முழுக்க ஓடி முடித்த பிறகே வேலை முடிந்தது என்று வண்டிக்காரரிடம் சொல்கிறேன்.

சட்டத்துக்கு வருகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாக உறுதி செய்தது. இன்ஜெக்ஷன் வைத்தால் ஆர்.சி.யில் இருக்கிற என்ஜின் எண், சிசி, எரிபொருள் வகை எதுவும் மாறுவதில்லை. ஆனால் இதனால் அனுமதி தேவையில்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உங்கள் பகுதி ஆர்.டி.ஏ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். வண்டி 50 வயதை நெருங்கினால் இன்னும் யோசியுங்கள். 2021இல் வந்த விதிப்படி 50 வருஷம் கடந்த, மூல வடிவம் கெடாத வண்டிக்கே வின்டேஜ் பதிவும் வி.ஏ. எழுத்துள்ள நம்பர் பிளேட்டும் கிடைக்கும். ஆரம்பகாலப் பத்மினிகள் இப்போது அந்த வயதை எட்டுகின்றன. அவற்றின் சோலெக்ஸைத் தொடாதீர்கள். சௌமஹல்லா அரண்மனையில் நிற்கிற நிஜாமின் 1912 ரோல்ஸ் ராய்ஸை யாரும் திருத்த நினைக்க மாட்டோம் இல்லையா? மாற்ற வேண்டியது தினமும் ஓடுகிற, ஓட வேண்டிய வண்டிகளை.

அந்த வண்டிகளுக்கு அரசு ஒரு வாசல் திறக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். சி.என்.ஜி.க்கும் எல்.பி.ஜி.க்கும் சோதித்துச் சான்று பெற்ற கிட் உண்டு. பெட்ரோல் காரை மின்சாரக் காராக்கும் கிட்டுக்குச் சான்று வாங்கிய கம்பெனி நம் ஹைதராபாத்திலேயே இருக்கிறது. இன்ஜெக்ஷனுக்கும் அப்படி ஒரு சான்று முறை ஏன் இருக்கக் கூடாது? பி.யு.சி. சோதனையில் பி.எஸ்.2க்கு முந்தைய காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி, பி.எஸ்.2க்கு 0.5தான். ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்டரும் வைத்து ஒழுங்காக டியூன் செய்த பழைய 800, அந்த 0.5க்குள் வரக்கூடியது. இந்தியாவில் 26 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி அது. 2010 ஏப்ரலில் பி.எஸ்.4 வந்தபோது ஹைதராபாத் உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பனை நின்றது; ஏற்கெனவே வாங்கியவர்களின் வண்டிகள் நிற்கவில்லை. அவற்றின் புகையைக் குறைக்க ஒருவர் சொந்தப் பணத்தில் முன்வந்தால், அவர் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றாவது சொல்ல வேண்டும்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள், வேலை செய்கிறவர்களுக்கும் செய்து வாங்குகிறவர்களுக்கும். மாற்றிய வண்டியின் ஒயரிங் படத்தைக் காகிதத்தில் வரைந்து, எந்த ஒயர் எந்த நிறம், எந்தச் சென்சார் எந்த மாடலுடையது, எந்த ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு டாஷ்போர்டுக்குள் வையுங்கள். டியூன் ஃபைலை வண்டிக்காரருக்கு ஒரு பிரதி கொடுங்கள். பட்டறை லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்தால், அந்த லேப்டாப் போன அன்று வண்டியும் போகும். கழற்றிய கார்புரேட்டர், மேனிஃபோல்டு, பம்பு மூன்றையும் எண்ணெய் தடவி ஒரே பெட்டியில் கட்டி வீட்டுப் பரணில் வையுங்கள். கர்னூல் தாண்டி ஏதோ ஒரு ஊரில் வண்டி நின்றால், அந்த ஊர் மெக்கானிக் நம்மைப் போனில் பிடிக்காமலே அந்தத் தாளைப் பார்த்து ஃபியூஸை மாற்றி அனுப்ப முடிய வேண்டும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். 800 வைத்திருப்பவர்கள் முதலில்.